தார் ஊற்றிய பெட்டி

என் தம்பியை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘மெதுவா’ என்றால்தான் தெரியும். கடைக்கு வருகிறவர்கள் எதையாவது கொண்டுவந்து மேசையில் வைக்கும்போது அவன் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். “மெதுவா, மெதுவா.” உள்ளே ஏற்கெனவே உடைந்தது போதும், நீங்களும் சேர்த்து உடைக்காதீர்கள் என்று அர்த்தம். எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘சட்டுபுட்டு.’ அக்கா சட்டுபுட்டு, தம்பி மெதுவா, நடுவில் ஒரே ஒரு திரை.

திரை என்றால் நிஜமான திரைதான். எங்கள் கடை ஒரே அறை. முன்பாதியில் என் தையல் மிஷின், வெட்டுப்பலகை, தைத்து முடித்த துணிகள் தொங்கும் கம்பி. பின்பாதியில் அவனுடைய மேசை. காற்சட்டைத் துணியில் மிஞ்சியதை ஒட்டுப்போட்டு நான்தான் நடுவில் தொங்கவிட்டேன். பற்றவைக்கும் ஈயத்தின் புகை கல்யாணச் சட்டைகளில் ஏறக்கூடாதே. என் வீட்டுக்காரருக்கு இடம் கிடையாது, வாசல்தான். சாமானை வாங்குவது, ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பது, கோபமாக வருகிறவனைச் சிரிக்கவைத்து அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. நேற்று வரவேண்டிய சட்டையை நாளைக்குத் தருகிறேன் என்று அவர் சொன்னால், வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

இஸ்திரிப்பெட்டி, மின்விசிறி, சுவர்க்கடிகாரம், டார்ச் லைட். இவ்வளவுதான் தம்பி தொடுவான். ஆனால் ஒரு காலத்தில் அவன் வால்வு மெக்கானிக். கண்ணாடிக் குழாய்க்குள் ஆரஞ்சு நிறமாய்க் கனன்றுகொண்டு பாடுமே, அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர்கள். பேர் அழிந்துபோன எந்தப் பாகத்தைக் கொடுத்தாலும் இன்னது, இவ்வளவு தாங்கும், இதை எங்கே போடுவார்கள் என்று சொல்லிவிடுவான். வால்வின் மேல் எழுத்து அழிந்திருந்தால் வாயால் ஒரு ஊது ஊதுவான். கண்ணாடியில் ஆவி படியும்போது பழைய எண் மங்கலாகத் தெரியும். ஊதிப் பார்த்துச் சொல்வதால் மந்திரவாதி என்றுகூடச் சிலர் கேலி பண்ணுவார்கள். அப்போதெல்லாம் அவன் நன்றாகச் சிரிப்பான்.

அதை நிறுத்தியது தியேட்டர் ஆம்ப்ளிஃபயர்.

என் மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் அது. இப்போது அவளுக்கே கல்யாணமாகிவிட்டது, கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். தியேட்டர் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோய், மாற்று எங்கேயும் கிடைக்கவில்லை. ஸ்பீக்கருக்குச் சத்தத்தை அனுப்புகிற பெரிய டிரான்ஸ்ஃபார்மர் அது. நானே சுற்றித் தருகிறேன் என்றான் தம்பி. தலைமுடி மாதிரிக் கம்பி. ஒவ்வொரு சுற்றாக, வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றினான். நடுவில் யாராவது பேசினால் கணக்கு போய்விடும் என்று நான்கூட வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால் அது எவ்வளவு பெரிய வேலை என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடைசியில் சுருளுக்கு மேல் பருத்தி நாடாவை இறுக்கிச் சுற்றி, முனையைத் தைத்துக் கொடுக்கச் சொன்னான். தைத்துக் கொடுத்தேன். மேசையில் வைத்துப் பாடவிட்டுப் பார்த்தோம். தெருவே வாசலில் வந்து நின்றது. அதன்பிறகு அவன் அப்படி ஒன்றைச் சுற்றவே இல்லை.

என் வீட்டுக்காரர்தான் ஸ்கூட்டரில் வைத்துத் தியேட்டருக்குக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தார். முதல் நாள் இரண்டாவது காட்சியில் அது புகைந்து தீப்பிடித்தது. ஆப்பரேட்டர், என் தம்பியின் உயிர்நண்பன், படச்சுருளில் தீ பரவக்கூடாதென்று வெறுங்கையால் ஒயரைப் பிடுங்கினான். வலதுகையில் இரண்டு விரல்கள் அன்றிலிருந்து மடங்குவதில்லை. இயந்திர அறையை விட்டு வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிற வேலைக்கு வந்துவிட்டான்.

எரிந்ததைப் பார்க்கவேண்டும் என்று தம்பி கிளம்பினான். “கரிக்கட்டையாப் போச்சு மாப்ள, குப்பையில போட்டுட்டாங்க. அதைப் பாத்து என்ன ஆவப்போவுது?” என்று என் வீட்டுக்காரர் அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். “கை தவறுறது யாருக்கும் வர்றதுதான். இனிமே இந்த வேலையே வேணாம், விட்டுடு.” அன்று முழுக்க அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நான் உருகிப்போனேன்.

ஆப்பரேட்டரின் தங்கையைத்தான் தம்பிக்குப் பேசி வைத்திருந்தோம். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பேச்சு அப்படியே நின்றுபோனது. அந்தப் பெண் வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். தம்பி கல்யாணமே வேண்டாம் என்றுவிட்டான். தியேட்டர் இருக்கும் சாலை வழியாக அவன் போனதே கிடையாது. மருந்துக்கடை அந்தப் பக்கம்தான். காய்ச்சலடித்தாலும் நான்தான் போய் மாத்திரை வாங்கி வரவேண்டும். ஒரு மனுஷனின் கையைக் கெடுத்தவன் நான் என்று ஒருமுறை சொன்னான். பிறகு அதையும் சொல்லவில்லை.

இப்படி இருந்தவனிடம்தான் சலூன்காரர் அந்தப் பூதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சலூன்காரருக்கு முடிவெட்டும்போது பாட்டு கேட்டாக வேண்டும். பாட்டு நின்றால் கத்தரிக்கோலும் நின்றுவிடும். செத்துப்போன மைக் செட்காரரின் கிடங்கைக் காலி பண்ணுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே கிடந்த பழைய வால்வு ஆம்ப் ஒன்றை வாங்கிவிட்டார். கருங்கல் கனம். கடைப்பையன் யாரும் இல்லாததால் அவரும் நானுமாகச் சேர்ந்து உள்ளே தூக்கினோம்.

“தம்பி, உறுமுது, ஆனா பாட மாட்டேங்குது. எங்க வீட்டு மாமியார் மாதிரியே.”

“நான் இதெல்லாம் தொடுறதில்லண்ணே,” என்றான் தம்பி, ஒரு கடிகாரத்தின் பின்மூடியைப் பார்த்துக்கொண்டே.

எனக்குப் பொறுக்கவில்லை. “எத்தன நாளைக்குடா இஸ்திரிப்பெட்டியவே நோண்டிட்டு இருப்ப? ஒரு தடவ தப்பாப் போச்சு. நான் எத்தன சட்டைக்குக் கை மாத்தி வச்சிருக்கேன்!”

“உன் சட்டை யாரு விரலையும் எரிக்கலக்கா.”

ஆனால் சலூன்காரர் ஆம்ப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் திரையை விலக்கிப் பார்த்தேன். அடிப்பலகையைக் கழற்றிக் கவிழ்த்து வைத்திருந்தான். இடதுகையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, வலதுகையால் மட்டும் மீட்டரின் முனையை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தான். இரண்டு கையையும் உள்ளே விட்டால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகும், ஒரு கை எப்போதும் பாக்கெட்டில் இருக்கவேண்டும். அவனுடைய பழைய பழக்கம். அந்தக் கையைப் பாக்கெட்டில் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேசாமல் திரையை விட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன்.

அடுத்த சில நாட்கள் திரைக்குப் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. தானாகப் பேசிக்கொள்வான். “நீ யாருப்பா? உன் கோடெல்லாம் கருகிப்போச்சே. சரி, உன் பக்கத்து வீட்டுக்காரன் யாரு, அவனக் கேப்போம்.” ரெசிஸ்டர் என்கிற குட்டிப் பாகங்களுக்கு நிறக்கோடுகள்தான் அடையாளம். கோடு கருகிவிட்டால் அது எந்த வால்வுக்குப் போகிறது, அடுத்த பக்கத்தில் அதற்கு ஜோடி இருக்கிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டும். மெழுகு ஒழுகிய பழைய கண்டன்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, இன்னது இன்ன இடம் என்று துண்டு நூல் கட்டி வைத்தான். வால்வுகளை ஊதிப் பார்த்தான். பெயர் தெரியாமல் வந்தவையெல்லாம் பெயரோடு மேசையில் வரிசையாக உட்கார்ந்தன. எனக்குக்கூடப் பெருமையாக இருந்தது. “என்னடா, மந்திரம் திரும்பி வந்துடுச்சா?” என்றேன். சிரித்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஒரு தகரப்பெட்டி. உள்ளே முழுக்கக் கருந்தார் ஊற்றி மூடியிருந்தது. ஒரு பக்கம் மூன்று ஒயர், இன்னொரு பக்கம் இரண்டு. மேலே எழுத்து, எண் ஒன்றுமில்லை.

“இது டிரான்ஸ்ஃபார்மர்தான்,” என்றான். “ஸ்பீக்கருக்குப் போறது. ஒரு ஒயர் உள்ள எங்கயோ அறுந்திருக்கு, அதான் பாடல. மிச்சத்த வச்சு எவ்வளவுக்கு எவ்வளவுன்னு பாத்துட்டா ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்.”

அழைப்புமணிக்குப் போடுகிற சின்ன டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கொஞ்சமாக மின்சாரத்தை ஒரு பக்கம் கொடுத்து, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று மீட்டரில் பார்த்தான். வகுத்துப் பார்த்தான். திரும்ப அளந்தான். மீட்டரின் பேட்டரியை மாற்றிவிட்டு அளந்தான். பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான்.

“என்னடா, யாரு அது?”

“தெரியலக்கா.”

அவன் வாயில் அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. எந்தப் பாகத்துக்கும் சொன்னதில்லை.

“தாரை உருக்கிப் பாத்தாத் தெரிஞ்சிடப் போவுது. ஒயர் முனைதான அறுந்திருக்குன்ன? பத்த வச்சா முடிஞ்சுது.”

“வேணாம். இதத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கலாம்.”

“வேற எங்கடா கெடைக்கும்? சலூன்காரர் பாவம்...”

“வேணாம்னு சொல்றன்ல!” என்று கத்தினான். ‘மெதுவா’ கத்தினான்! வெட்டிக்கொண்டிருந்த துணியில் என் கத்தரிக்கோல் கோணலாக இழுத்துக்கொண்டது. அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, பெரிய கடைவீதியில் வேறு டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கிறதா பார்க்கிறேன் என்று கிளம்பிப்போனான். போகும்போது அந்தப் பெட்டியை மேசைக்கு அடியில் பழைய மின்விசிறிகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் போனான்.

என்னைப் பற்றித்தான் சொன்னேனே, சட்டுபுட்டு. ஒன்றைத் தொடாதே என்றால் கை அங்கேதான் போகும். மேலும் அவன் பயந்துவிட்டான் என்று நான் நினைத்தேன். மறுபடி எங்கேயாவது தீப்பிடிக்கும் என்று பயந்து, ஜெயிக்கப்போகிற நேரத்தில் ஓடுகிறான் என்று நினைத்தேன். பாட்டு என்னாயிற்று என்று கேட்க வந்த சலூன்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“தாருதானே? சூடு காட்டினா இளகிடும்,” என்றவர் ஓடிப்போய்த் தலை உலர்த்துகிற டிரையரை எடுத்து வந்தார். இரண்டு பேரும் தெருவோரம் ஒரு பழைய தட்டில் பெட்டியைக் கவிழ்த்துவைத்துச் சூடு காட்டினோம். அவர் ஏதோ பெண்ணுக்குத் தலை சீவுகிற மாதிரி டிரையரை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, “எண்ணெய் கொஞ்சம் அதிகம் வச்சிட்டாங்க தங்கச்சி,” என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் பழைய சாவியால் தாரைச் சுரண்டினேன்.

தார் சரிந்து, உள்ளேயிருந்து சுருள் வெளியே வந்தது. பருத்தி நாடா சுற்றியிருந்தது. நாடாவின் முனையில், தார் ஏறாத இடத்தில், தையல். நீல நூல்.

ஒரு முடிச்சுக்கு இரண்டு முறை நூலைச் சுற்றிப் பின்பக்கமாக இழுப்பேன் நான். தையல் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அப்படித்தான். தப்பு என்று எத்தனையோ பேர் சொல்லியும் கை மாறவில்லை. தியேட்டர் டிரான்ஸ்ஃபார்மருக்கு நாடா தைத்த அன்று வெள்ளை நூல் தீர்ந்துபோய், காற்சட்டை தைக்கிற நீல நூலில்தான் தைத்தேன். தம்பி, “யூனிஃபார்ம் போட்டுட்டியாக்கா?” என்று கேட்டான்.

கரிக்கட்டையாகிக் குப்பைக்குப் போனதாகச் சொன்னது என் கையில் முழுசாக இருந்தது. ஒரு நூல்கூடக் கருகவில்லை.

“என்ன தங்கச்சி, ஷாக் அடிச்சிருச்சா?” என்றார் சலூன்காரர். கையில் டிரையர் ஓடிக்கொண்டே இருந்தது.

இது மேசையிலிருந்து இறங்கியதும் ஸ்கூட்டரில் ஏறியது. ஸ்கூட்டரை ஓட்டியவர் ஒருவர்தான். வேறு யார் கையும் படவில்லை. துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

என் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தாளின் மேலேயே தூக்கி வைத்தேன். கனத்தில் தாள் கிழிந்து அவர் மடியில் விழுந்தது.

“ஏய், என்ன இது? வேட்டியெல்லாம் தாரு!”

“என்னன்னு நீங்க சொல்லுங்க.”

பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை. “ஏதோ டிரான்ஸ்ஃபார்மர். இது மாதிரி ஊர்ல ஆயிரம் இருக்கும்.”

“நீல நூல் போட்டுத் தச்சது ஆயிரம் இருக்குமா? என் தையல எனக்கே தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

கொஞ்ச நேரம் தாரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல மெல்ல வந்தது. போகிற வழியில் மைக் செட்காரர் மறித்திருக்கிறார். அவருடைய ஆம்ப்பும் அப்போது படுத்துக்கிடந்ததாம். இதை எனக்குக் கொடு, இன்னொரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் தருகிறேன், அதைத் தியேட்டரில் மாட்டிவிடு, உன்னை என் தொழிலில் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்றாராம். இவர் கொடுத்துவிட்டார். தம்பி பார்த்தால் கண்டுபிடித்துவிடுவான் என்று தகரப்பெட்டிக்குள் வைத்துத் தார் ஊற்றியதும் இவரே.

“அது எரியும்னு நான் கண்டேனா? கொஞ்ச நாள் ஓடும், அதுக்குள்ள மாப்ள இன்னொண்ணு சுத்திடுவான்னு நெனச்சேன்.”

“எதுக்கு? நமக்கு அப்போ என்ன கொறச்சல்?”

“உனக்கென்ன தெரியும்? எல்லாரும் உன் தம்பி கையவே பாத்தாங்க. மெக்கானிக், மந்திரவாதின்னு. என்னை யாரு பாத்தா? சாமான் தூக்கறவன், அவ்வளவுதான். நானும் ஒரு ஆளாகணும்னு நெனச்சேன். அது தப்பா?” என்றார். கூட்டாளியாகச் சேர்க்கிறேன் என்ற மைக் செட்காரர் கடைசிவரை சேர்க்கவில்லை என்பதையும் அவரே சொன்னார், ஏதோ அவருக்குத்தான் அநியாயம் நடந்த மாதிரி.

நான் வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். எனக்கே நினைவில்லை. ஒன்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது நினைவிருக்கிறது. “அவன் தோளப் பிடிச்சு ஆறுதல் சொன்னீங்களே, எப்படிங்க முடிஞ்சுது?” தம்பி நொறுங்கிப்போய் உட்கார்ந்திருந்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல், கை தவறிவிட்டது, விட்டுவிடு என்று அவன் பிழைப்பையும் பிடுங்கிக்கொண்டார். நான் அந்த மனுஷனுக்குப் பரிமாறி, துணி தோய்த்து, இவரைப்போல உண்டா என்று ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைக்குத் திரும்பினேன். தம்பி வந்திருந்தான். தெருவோரம் சிந்திக்கிடந்த தாரைப் பார்த்தபோதே அவனுக்குப் புரிந்துவிட்டது.

“அதாங்க்கா வேணாம்னேன்,” என்றான்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“அளந்தப்போதான். ஸ்பீக்கர் பக்கம் கம்பி பத்தாமப் போயி கடைசி அடுக்க பாதியில நிறுத்தினேன், ஞாபகம் இருக்கா? அந்த மாதிரிக் கணக்கு எந்தக் கம்பெனிலயும் வராது. நான் ஒருத்தன்தான் அப்படிச் சுத்தினவன்.”

“அப்புறம் ஏன்டா தெரியலன்ன?”

“உங்க வீட்டுல எதுக்குச் சண்டை? மச்சானும் வேணும்னு பண்ணியிருக்க மாட்டாரு. விட்டுடுக்கா.”

“விடறதா? ஆப்பரேட்டர் கையக் கெடுத்தது நீ இல்லன்னு அவனுக்குத் தெரியவேணாமா?”

“எனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல. அது போதும்.” சொல்லும்போது அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். “மச்சான அசிங்கப்படுத்தாதக்கா. நம்ம வீட்டு ஆளு.”

எனக்கு அது போதாது. அந்தக் கைமேல் விழுந்த பழி போகவேண்டும், அதுவும் போகவேண்டிய இடத்தில் போகவேண்டும். வீட்டுக்குப் போய், ஆப்பரேட்டரிடம் வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றேன். மறுப்பார், சண்டை போடுவார் என்று தயாராகத்தான் போனேன். உடனே ஒப்புக்கொண்டார். “சரி. நானே சொல்லிடறேன். எனக்கும் மனசு பாரமாத்தான் இருக்கு,” என்று வேட்டியை மாற்றிக்கொண்டார். அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் மனசு இளகியது. அதையும் மறைப்பானேன்.

ஆப்பரேட்டர் வீட்டு முன்னறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவன் இடதுகையால் நாற்காலியை இழுத்துப் போட்டான். வலதுகையை மடியில் வைத்துக்கொண்டான். “சொல்லுங்க. என்ன விஷயம், இவ்வளவு வருஷம் கழிச்சு?” குரலில் வரவேற்பு இல்லை.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “உண்மையச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் தம்பி. அன்னைக்குத் தியேட்டர்ல மாட்டினது மாப்ள சுத்தின டிரான்ஸ்ஃபார்மர் இல்ல. வேற ஒண்ணு. மாத்தி மாட்டினது நான்தான்.”

ஆப்பரேட்டர் அசையவில்லை. “தெரியும். எரிஞ்சத நான்தான் வெளிய எடுத்தேன். கடையில விக்கற சின்னது. உங்க மாப்ள நல்லதக் காட்டிட்டு மட்டத்த மாட்டி ஏமாத்திட்டான்னு அன்னைக்கே தெரியும். அதனாலதான் அவன் மூஞ்சியில முழிக்கல.”

ஐயோ, என்று இருந்தது எனக்கு. கை தவறினவன் என்றுகூட இல்லை, ஏமாற்றுக்காரன் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருக்கிறான். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். சொல்லுங்கள், இப்போது சொல்லுங்கள் என்று.

அவர் சொன்னார். “ஆமா தம்பி. அத நான் எப்படிச் சொல்றது... மாப்ள சொல்லித்தான் மாத்தினேன். நான் வேணாம்னுதான் சொன்னேன். அவன் கேக்கல. நம்ம வீட்டுப் பையன், விட்டுக்குடுக்க முடியாம இத்தன நாள் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பயந்து பார்க்கவில்லை. வெளியாள் முன்னால் பெண்டாட்டி காட்டிக்கொடுக்கமாட்டாள் என்கிற நம்பிக்கையோடு பார்த்தார். வாசலில் நின்று வாடிக்கையாளரிடம் பேசுவாரே, அதே முகம். எனக்கு அந்த முகத்தில் காறித் துப்பவேண்டும் போல இருந்தது.

பையைத் திறந்து டிரான்ஸ்ஃபார்மரை அவர்கள் நடுவில் வைத்தேன். “இதுதான் என் தம்பி சுத்தினது. தையல் என்னோடது. மாத்தச் சொன்னது அவனா இருந்தா, அவன் கண்ணுல படக்கூடாதுன்னு இந்த ஆளு எதுக்கு இதுக்கு மேல தார ஊத்தணும்? கேளு. கேளுப்பா அவர.”

ஆப்பரேட்டர் டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கினான். மடங்காத இரண்டு விரல்களும் நீட்டிக்கொண்டு நிற்க, மற்ற விரல்களால் நாடாவைத் தடவிப் பார்த்தான். என் வீட்டுக்காரர் எதையோ ஆரம்பித்தார். அவன் கேட்கவே இல்லை.

“அவன் எங்கக்கா?”

“கடையில.”

சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் எழுந்தான். நான் பின்னால் ஓடினேன். எனக்கும் பின்னால் என் வீட்டுக்காரர், “இங்க பாரு, நான் சொல்றதக் கேளு,” என்றுகொண்டே வந்தார்.

ஆப்பரேட்டர் திரையை விலக்கியபோது தம்பி குனிந்து ஒரு கண்டன்சரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். நண்பனைப் பார்த்ததும் முதலில் அவன் கண் போனது அந்த வலதுகைக்குத்தான்.

“டேய்,” என்றான் ஆப்பரேட்டர். மூச்சு வாங்கியது. “நீதான் மாத்தச் சொன்னேன்னு உன் மச்சான் சொல்றாரு. நீ சொன்னியா? உன் வாயால சொல்லு.”

தம்பிக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தான். “மச்சான் என்ன சொன்னாரு?”

“நீ சொல்லித்தான் சின்னத மாட்டினாராம். அவரு வேணாம்னாராம், நீ கேக்கலயாம். உங்க அக்கா முன்னாலயே சொல்றாரு.”

தம்பி பற்றவைக்கும் இரும்பை அதன் தாங்கியில் வைத்தான். ஸ்விட்சை அணைத்தான். “அப்படியா சொன்னாரு?” என்று என்னிடம் கேட்டான். தலையாட்டினேன். அளந்து உண்மை தெரிந்தபோதுகூட வராத அழுகை அவனுக்கு அப்போது வந்தது. உதடு கோணிக்கொண்டு, சின்னப் பிள்ளையைப் போல.

“நான் சொல்லலடா,” என்றான். “சத்தியமா நான் சொல்லல. நல்லாத்தான்டா சுத்தினேன்.”

ஆப்பரேட்டர் அவனை இழுத்துப் பிடித்துக்கொண்டான். “உன்னத் திட்டாத இடமே இல்லடா. இனிமே ஒவ்வொரு வீடாப் போயி யாருகிட்டடா நான் சொல்லுவேன்? தங்கச்சிகிட்ட என்னடா சொல்லுவேன்?”

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு, நண்பனின் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தான். அங்கே என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

“அக்கா, அந்த ஆள இனிமே கடைப்பக்கம் வரவேணாம்னு சொல்லிடு,” என்றான்.

எனக்குக் கல்யாணமானதிலிருந்து ‘மச்சான்’ தவிர வேறு எந்த வார்த்தையாலும் அவன் அவரைச் சொன்னதில்லை. வாசலில் நின்றவருக்கும் அது கேட்டது. முகம் அப்படியே சுருங்கிப்போனது. உடனே என்னைப் பார்த்தார்.

நான் போய் ஷட்டரைப் பிடித்துப் பாதிவரை இழுத்தேன்.

“ஏய், என்ன பண்ற? நான் உள்ள வரவேணாமா?” என்றார்.

“எதுக்கு?” என்று கேட்டேன்.

வாயில் வார்த்தை கிடைக்காமல் அவர் நின்றதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு மீதியையும் இறக்கினேன்.